அறுபத்தைந்தாவது பட்டம்

"அரண்மனையில என்னைத் திரும்பக் கூப்பிடுதாங்க, அம்மை" என்றான் கொம்பையா.

உலகம்மை வெள்ளரிக் குழிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"போகாதேன்னு சொல்லுங்க" என்றான்.

"போயிட்டு வாரும்" என்றாள்.

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. தன்னைவிட இருபது வயது இளையவளிடம் மூன்று வருஷம் சிஷ்யனாக இருந்து தண்ணீர் சுமந்திருக்கிறான். அதற்கு இதுவா மரியாதை என்று பட்டது.

"அந்த வேலை எனக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன. மூணு வருசமா தினமும் சொல்லுதீரே."

அது என்ன வேலை என்று சொல்லிவிட வேண்டும். ஆனைக்கரைப் பாளையத்தின் கட்டியக்காரன் அவன். பாளையக்காரர் வரும்போது வெள்ளித்தடியோடு முன்னால் நின்று அவருடைய பட்டங்களை உரக்கக் கூவ வேண்டும். மொத்தம் அறுபத்து நான்கு. 'ஏழு மலைக்கு அதிபதி' என்பது ஒன்று. பாளையத்தில் இருந்தது ஒரே ஒரு கரடு. அதிலும் பாதி பக்கத்துப் பாளையத்தைச் சேர்ந்தது. 'புலியைக் கையால் கிழித்தவர்' என்பது இன்னொன்று. பூனை குறுக்கே போனால் பல்லக்கைத் திருப்பச் சொல்லுகிறவர் அவர்.

கொம்பையாவின் தொண்டை சாதாரணத் தொண்டை இல்லை. மற்றவர்கள் கூப்பிட்டால் எவ்வளவு தூரம் கேட்குமோ, அதைப்போல் மூன்று மடங்கு அவன் சத்தம் போகும். அத்தனை பெரிய சத்தத்தில் அத்தனை பொய்யைக் கூவக் கூவ அவனுக்கு அந்த வேலையே கசந்துபோயிற்று. வேலையை விட்டுவிட நினைத்தான். அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஒரு நாள் காலையில் கழுத்தில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு அரண்மனைக்குப் போய், குரல் போய்விட்டது என்று சைகை காட்டினான். பாவம் என்று அனுப்பிவைத்தார்கள்.

அப்படி வந்து சேர்ந்த இடம்தான் ஆற்றுக்கு அக்கரையில் இருந்த இந்த மணல். அது வேறு பாளையத்து எல்லை. உலகம்மை அங்கே வெள்ளரி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். தான் குரு என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவள் சொல்லும் ஒற்றை வார்த்தைக்காக ஜனங்கள் தேடி வந்து காலில் விழுந்தார்கள். கொம்பையாவும் விழுந்தான். எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டான்.

மூன்று வருஷமும் குசுகுசுவென்றுதான் பேசினான். குரல் இருப்பது அரண்மனைக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம். போன வாரம் ஒரு சாயங்காலம், நரிகள் புகுந்து பிஞ்சுகளைக் கடிப்பதைப் பார்த்ததும் தன்னை மறந்து ஒரு கூச்சல் போட்டுவிட்டான். எதிர்க்கரையில் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த அரண்மனை ஆளுக்கு அது கேட்டுவிட்டது.

மறுநாளே வெற்றிலை பாக்கோடு ஆள் வந்தது. குரல் திரும்பிவிட்டதாமே, எஜமானுக்கு ரொம்ப சந்தோஷம், உடனே வந்து வேலையில் சேர வேண்டியது.

"நான் ஏன் போகணும்? நான்தான் அந்த வேலையை விட்டுட்டேனே" என்றான் கொம்பையா உலகம்மையிடம்.

"எப்ப விட்டீரு?"

"மூணு வருசம் ஆச்சு."

"யாருகிட்ட சொன்னீரு?"

கொம்பையா குடத்தைத் தோள் மாற்றி வைத்தான்.

"உம்ம வெள்ளித்தடியை உம்ம பேரைச் சொல்லி இன்னமும் ஆணியில மாட்டி வச்சிருக்காங்களாம். வந்தவன் சொன்னான்" என்றாள் உலகம்மை. "குடத்தை வச்சிட்டுப் போம்."



அரண்மனை மாறவே இல்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல்.

அதே ஓட்டு வீடு. அதே சம்பாச் சோறு. அதே சிவப்புத் தலைப்பாகை. காலையில் பாளையக்காரர் கோயிலுக்குக் கிளம்பும்போது முன்னால் நடந்தபடி கூவினான். வார்த்தைகள் தானாக வந்தன, பழைய கசப்பும் கூடவே வந்தது. பாதித் தொண்டையில்தான் கூவினான். இன்னும் முழுசாகத் தேறவில்லை போல என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் பிரதானி அவனைக் கூப்பிட்டார். பாளையத்தின் மந்திரி வேலையெல்லாம் அவருடையதுதான்.

"நீ இல்லாம சபை சபையாவே இல்லப்பா. உன் இடத்துல வந்தவன் நாப்பது பட்டம் தாண்டுறதுக்குள்ள நாலு தடவை இருமுவான். எஜமானுக்கு நின்னு நின்னு கால் வீங்கிப்போச்சு."

அந்தப் பாளையத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் கட்டியக்காரன் எல்லாப் பட்டங்களையும் கூவி, கடைசியில் 'பராக்' என்று சொல்லி முடிக்கும்வரை பாளையக்காரர் ஆசனத்தில் உட்காரக் கூடாது. முந்திக்கொண்டு உட்கார்ந்தால் வம்சம் அற்றுப்போகும் என்று பாட்டன் காலத்துப் பயம். தொடங்கிய வாய்தான் முடிக்கவும் வேண்டும். நடுவில் ஆள் மாற்றக் கூடாது.

"பௌர்ணமி சபைக்குள்ள தொண்டையைத் தேத்திக்கோ" என்றார் பிரதானி. "ஒரு பட்டம் கூடியிருக்கு. அறுபத்தஞ்சாவது."

"என்ன பட்டம்?"

"ஏரி காத்த பெருமான்."

"எந்த ஏரி?"

பிரதானி சுவரைப் பார்த்தார். "நல்லாண்டான் ஏரி."

கொம்பையா அசந்துபோனான். ஐப்பசியில் உடைந்த ஏரி அது. புரட்டாசியில் கரைக்கு மண் அணைக்க வேண்டிய ஆட்களையெல்லாம் பாளையக்காரர் தன் வசந்த மண்டபம் கட்டுவதற்குப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். மண்டபம் முடியட்டும் என்று மழை காத்திருக்கவில்லை. கரை போயிற்று. கரைக்குக் கீழே இருந்த தெரு போயிற்று. பதினோரு பேர் போய்விட்டார்கள். பிடித்து வந்த ஆட்கள் இன்னும் அரண்மனைக்குப் பின்னால் கல் சுமந்துகொண்டிருந்தார்கள்.

"அந்த ஊர்க்காரங்க பௌர்ணமி சபைக்கு வாராங்க. ஏரியைப் பத்திப் பேசப்போறாங்களாம்" என்று பிரதானி குரலைத் தாழ்த்தினார். "ஒரு பட்டம் சபையில விழுந்துட்டா, அதை மறுத்துப் பேசுறது ராஜ துரோகம். உனக்குத் தெரியாததா? அவங்க வாயைத் தெறக்கிறதுக்குள்ள நீ கூவி முடிச்சிரணும்."

இதுவரை அவன் கூவிய பொய் எதுவும் யார் குடியையும் கெடுத்ததில்லை. எந்தப் புலியும் சபைக்கு வந்து முறையிடப் போவதில்லை. இது அப்படி இல்லை.

"நான் கூவாட்டி?"

"நாக்கு இருக்காது" என்றார் பிரதானி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.



மறுநாள் உச்சி வெயிலில் ஆற்றைக் கடந்து ஓடினான். நடந்ததையெல்லாம் உலகம்மையிடம் கொட்டித் தீர்த்தான்.

அவள் கேட்டுக்கொண்டே களை பிடுங்கினாள்.

"இப்படியே இங்க இருந்துக்கிடுதேன், அம்மை. அந்தத் தொண்டை மறுபடியும் போயிருச்சுன்னு சொல்லியனுப்பிடுதேன்."

"இரும்" என்றாள். "இன்னொரு மூணு வருசம் குசுகுசுன்னு பேசலாம். எனக்கு ஒண்ணும் நட்டமில்லை. நரிதான் கொழுக்கும்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுதீங்க?"

"பட்டத்தைக் கூப்பிடும். கேப்போம்."

"இங்கயா?"

அவள் கூடையை எடுத்துக்கொண்டு மணலில் நடக்க ஆரம்பித்தாள். ஐம்பதடி போய்த் திரும்பி, ம், என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

கொம்பையா மெல்லத் தொடங்கினான். அவள் காதில் கையை வைத்துக் காட்டிவிட்டு மேலே நடந்தாள். சத்தத்தைக் கூட்டினான். அவள் இன்னும் தள்ளிப் போனாள். இருபதாவது பட்டத்தில் அவள் ஒரு காக்கை அளவுக்குத் தெரிந்தாள். நாற்பதாவதில் மணல் மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டாள். கொம்பையா அடிவயிற்றிலிருந்து எடுத்தான். மூன்று வருஷம் பூட்டி வைத்திருந்த சத்தம். ஆற்றங்கரைக் கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன. அப்படிக் கூவுவது அவனுக்குச் சுகமாக இருந்தது. பொய்யைக் கூவுவதில் இத்தனை சுகமா என்று வெட்கமாகவும் இருந்தது.

அறுபத்து நான்கு முடிந்தது. அடுத்ததற்கு மூச்சை இழுத்தான். வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

உலகம்மை மெதுவாகத் திரும்பி வந்தாள்.

"அறுபத்து நாலு கேட்டுச்சு. கடைசி ஒண்ணு கேக்கலை."

"கூப்பிடலை, அம்மை."

"அப்ப தொண்டை நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடிசைக்குப் போனாள்.

கொம்பையாவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"இது ஒரு பதிலா? நாக்கு போகப்போறது எனக்கு. உங்களுக்கென்ன, ஒரு வார்த்தையைச் சொல்லிட்டு உள்ள போயிருவீங்க."

அவள் வாசலில் நின்று திரும்பினாள்.

"கூப்பிடாதேன்னு நானா உம்ம வாயைப் பொத்தினேன்?"

நல்ல குரு வாய்த்தாள் எனக்கு என்று திட்டிக்கொண்டே ஆற்றில் இறங்கினான். மூன்று வருஷம் சுமந்த குடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினான். பாதி ஆற்றில் வரும்போதுதான் கவனித்தான். குசுகுசுவென்று இல்லை, நன்றாக உரக்கத் திட்டிக்கொண்டிருந்தான்.



பௌர்ணமியன்று காலையில் சபை கூடியது.

நல்லாண்டான் ஏரியிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். முன்னால் மாடத்தி என்றொருத்தி நின்றாள். ஏரித் தண்ணீரில் புருஷனையும் மாமியாரையும் பறிகொடுத்தவள். பேச வேண்டியவள் அவள்தான் போலிருந்தது. வாய்க்குள்ளேயே எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாளையக்காரர் வந்து ஆசனத்துக்கு முன்னால் நின்றார். கொம்பையா வெள்ளித்தடியைத் தரையில் தட்டிவிட்டுத் தொடங்கினான். இன்று முழுத் தொண்டை. மலைகள் ஏழும் வந்தன, புலி வந்து கிழிபட்டது, பிரதானியின் முகம் மலர்ந்தது.

அறுபத்து நான்காவதில் நிறுத்தினான்.

உட்காரலாம் என்று பாதி குனிந்துவிட்ட பாளையக்காரர் அப்படியே நின்றார்.

"ம்" என்றார் பிரதானி.

கொம்பையா தடியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். பாளையக்காரர் மெல்ல நிமிர்ந்து, வீங்கிய காலை மாற்றி வைத்தார்.

பிரதானி பக்கத்தில் வந்தார். "தொண்டை கட்டிக்கிச்சா?" என்று காதோடு கேட்டார். "கையைக் காட்டு, போதும். குரல் வந்த பெறகு முடிப்பான்னு சொல்லிச் சபையைக் கலைச்சிருதேன். உனக்கும் வம்பில்லை, எனக்கும் வம்பில்லை."

அது நல்ல வழிதான். கொம்பையாவின் கை தானாகவே கழுத்தைப் பார்த்துப் போனது. பழகிய கை அல்லவா. சபை கலைந்தால் ஏரியைப் பற்றி யாரும் பேச முடியாது என்பதும் அவனுக்குத் தெரிந்தது. மாடத்தி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையை இறக்கினான்.

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லை" என்றான். அவன் சத்தம் அப்படித்தான், வாசல் யானை காதை விடைத்தது. "மூணு வருசத்துக்கு முன்னாலயும் ஒண்ணும் இல்லை. அன்னைக்கு நான் சொன்னது பொய். இந்த வேலை எனக்குப் பிடிக்கலை, அதைச் சொல்லப் பயந்துக்கிட்டு ஓடிப்போனேன். இன்னைக்குச் சொல்லுதேன். ஏரி உடைஞ்சது. அதை யாரும் காக்கலை. இந்தப் பட்டத்தை நான் கூப்பிடமாட்டேன். இந்த வேலையை விடுதேன்."

வெள்ளித்தடியைக் கீழே வைத்தான்.

"இவன் நாக்கை அறுங்க" என்றார் பாளையக்காரர்.

காவலர்கள் இரண்டு பேர் கத்தியோடு நெருங்கினார்கள். கொம்பையா நகரவில்லை.

"அறுங்க" என்றான். "அறுத்த பெறகு கட்டியத்தை முடிக்கிறது யாரு?"

காவலர்கள் நின்றார்கள். பிரதானியைப் பார்த்தார்கள். பிரதானி பாளையக்காரரைப் பார்த்தார். பாளையக்காரர் ஆசனத்தைப் பார்த்தார். அது ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அவரால் உட்கார முடியவில்லை.

வெயில் ஏறியது. பாளையக்காரர் ஒரு காலில் நின்றார், மறு காலில் நின்றார். பிரதானியின் தோளைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியது.

"உனக்கு என்னதான் வேணும்?" என்றார் கடைசியில்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான்தான் வேலையை விட்டுட்டேனே. அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுங்க."

மாடத்தி முன்னால் வந்தாள். வழியெல்லாம் எத்தனையோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவள். இப்போது சுருக்கமாகத்தான் வந்தது.

"எங்க ஆளுகளை அனுப்புங்க. அடுத்த மழைக்குள்ள கரை போடணும்."

"மண்டபம் பாதியில நிக்குதே" என்றார் பிரதானி.

"நிக்கட்டும்" என்றாள் மாடத்தி. "எஜமான் நிக்கலையா."

சபையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பாளையக்காரருக்குக் கோபப்படக்கூடக் காலில் தெம்பில்லை.

"அனுப்புதேன்" என்றார்.

"இப்பவே" என்றான் கொம்பையா.

பின்கட்டுக்கு ஆள் ஓடியது. கல் சுமந்துகொண்டிருந்தவர்கள் சுமையை இறக்கிவிட்டு, மண்வெட்டியும் கூடையுமாகச் சபையின் ஓரமாகவே நடந்து வாசலைத் தாண்டினார்கள். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். ஏரிக்காரர்கள் கூடவே போனார்கள். கடைசி ஆளுக்குப் பின்னால் கொம்பையாவும் நடந்தான்.

"முடிச்சிட்டுப் போ" என்று பாளையக்காரர் அலறினார்.

"முடிக்கேன்" என்றான் கொம்பையா, திரும்பாமல். "அக்கரைக்குப் போயி முடிக்கேன். கவலைப்படாதீங்க, உங்களுக்குக் கேக்கும்."

யாரும் தடுக்கவில்லை. தடுத்தால் கட்டியம் என்ன ஆவது?

அவன் அவசரப்படவில்லை. ஏரிப் பாதையில் ஆட்கள் கண்ணுக்கு மறையும்வரை ஆற்றங்கரையில் நின்று பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். அக்கரை மணலில் ஏறி, எல்லைக்கல்லைத் தாண்டினான். தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அரண்மனையைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"பராக்" என்று கூவினான்.

பாளையக்காரர் தொப்பென்று விழுந்ததில் ஆசனத்தின் ஒரு கால் ஒடிந்துவிட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள்.



உலகம்மை கொடிகளுக்கு நடுவே காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"வேலையை விட்டுட்டேன், அம்மை."

"கேட்டுச்சு."

"இன்னொண்ணையும் விட்டுருதேன்னு சொல்லத்தான் வந்தேன்."

முன்பென்றால் காலில் விழுந்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பான். இன்று நின்றுகொண்டே சொன்னான்.

"உங்க சிஷ்யனா இருக்கதை விடுதேன். நான் ஞானம் தேடி இங்க வரலை. ஒளிஞ்சுக்கத்தான் வந்தேன். அதையும் உங்ககிட்ட சொல்லாமலே இருந்துட்டேன்."

உலகம்மை இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப இனிமே நான் உமக்குக் குரு இல்லை."

"இல்லை."

"நல்லதாப் போச்சு. உம்மகிட்ட ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"எனக்கும் பிடிக்காத வேலை ஒண்ணு இருக்கு. நான் கேட்டு வாங்கினதில்லை. ஒம்பது வருசமா தலையில கெடக்கு. எப்படி விடுறதுன்னு தெரியலை."

அவளுக்கு அப்படி என்ன வேலை என்று கொம்பையா கேட்க வாயெடுத்தான்.

அதற்குள் கரை மேட்டில் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. பட்டுத் துண்டு போர்த்திய ஒருவர் பழத்தட்டோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கும்பிட்ட கையோடு இறங்கினார்கள். பட்டுத் துண்டுக்காரர் மேட்டில் நின்றே குரல் கொடுத்தார்.

"ஞானத் தாய், மோன குரு, முக்காலமும் உணர்ந்த உலகம்மைப் பிராட்டியார் வாழும் இடம் இதுதானா?"

உலகம்மை சட்டென்று கொடிகளுக்குள் குனிந்துகொண்டாள்.

கொம்பையா அவளைப் பார்த்தான். மேட்டைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

நெஞ்சை நிமிர்த்தினான். அடிவயிற்றிலிருந்து எடுத்தான்.

"இல்லை" என்று கூவினான். "இங்க உலகம்மைன்னு ஒருத்தி வெள்ளரி போடுதா. அவ்வளவுதான். பிஞ்சு வேணும்னா எறங்கி வாங்க."

மேட்டில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொடிகளுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"பிஞ்சு தீந்துபோச்சு. முத்தல்தான் கெடக்கு. அதையும் சேத்துக் கூப்பிடும்."